பாளையத்துக்கு வெளியே ஒருவர்

உலக நோயாளர் நாள் மறையுரை
வாசகங்கள்: லேவியர் 13:1-2, 44-46, மாற்கு 1:40-45



இன்று லூர்து அன்னையின் திருநாள். 1992ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இந்த நாளை உலக நோயாளர் நாளாக ஏற்படுத்தினார். 1993 முதல் ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 11 அன்று உலகெங்கும் உள்ள திருஅவை நோயாளர்களோடு சேர்ந்து செபிக்கிறது. இன்றைய திருப்பலியை நம் பங்கில் இரத்தப் புற்றுநோயால் வாடுவோருக்காகவும் அவர்களைப் பேணும் குடும்பங்களுக்காகவும் ஒப்புக்கொடுக்கிறோம். கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்தில் அவர்கள் பட்ட பாட்டை நாம் மறந்துவிடக் கூடாது. அதற்காகவே இந்த இரண்டு வாசகங்களையும் தேர்ந்தெடுத்தோம்.

தொழுநோயாளருக்கு மோசேயின் சட்டம் விதித்ததை முதல் வாசகத்தில் கேட்டோம். கிழிந்த உடை, வாரப்படாத தலை, மூடிய வாய். தாம் தீட்டுள்ளவர் என்று தாமே கூவிக்கொண்டு நடக்க வேண்டும். பாளையத்துக்கு வெளியே தனியாகக் குடியிருக்க வேண்டும். முன்பெல்லாம் இந்த வாசகம் வரும்போது, என்றோ நடந்த கொடுமை என்று கேட்டுவிட்டுப் போய்விடுவோம். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்ததே, அதன் பிறகு இதை அப்படிக் கேட்க நம்மால் முடியவில்லை. நாமும் வாயை மூடினோம். நாமும் தனித்திருந்தோம். யாராவது இருமினால் விலகி நடந்தோம். ஆலயக் கதவுகள் மூடப்பட்டன. மாதா தொலைக்காட்சியின் முன் அமர்ந்து ஆன்மிகமாக நற்கருணை பெற்றோம். உயிர்ப்புப் பெருவிழாவுக்குக்கூட வீட்டை விட்டு வெளியே வரவில்லை.

நமக்கு அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2023 மே 5 அன்று, கொரோனா இனி உலகளாவிய அவசரநிலை அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்கு வெகு முன்பே நாம் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டோம். திருவிழாவும் தேர்ப்பவனியும் பழையபடி நடக்கின்றன. ஆனால் இரத்தப் புற்றுநோயாளர் ஒருவருக்கு முகக்கவசமும், காய்ச்சலைக் கண்ட பயமும், ஆள் வராத வீடும் கொரோனாவுக்கு முன்பே இருந்தன. இன்றும் இருக்கின்றன. நாம் எல்லாரும் சில காலம் அவர்களுடைய வாழ்க்கையை வாழ்ந்து பார்த்தோம். பிறகு நாம் வெளியே வந்துவிட்டோம், அவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள்.

இரத்தப் புற்றுநோயைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். தெரிந்தால்தான் நம் அன்பு சரியான வழியில் போகும். நம் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் இரத்த அணுக்கள் பிறக்கின்றன. அதை ஒரு நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். லுகேமியா என்னும் நோயில் அந்த நாற்றங்காலில் களை மண்டிவிடுகிறது. நல்ல நாற்றுக்கு இடமே இல்லை. மைலோமா என்னும் இன்னொரு வகையும் மஜ்ஜையில்தான் வளர்கிறது, எலும்பையே அரிக்கிறது. லிம்போமா என்னும் வகை பெரும்பாலும் நிணநீர்க் கணுக்களில் தொடங்குகிறது. களையை அழிக்கக் கொடுக்கும் கீமோ மருந்து நல்ல நாற்றையும் சேர்த்தே வாட்டிவிடுகிறது. நமக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 4,000 முதல் 11,000 வரை வெள்ளை அணுக்கள் இருக்கும். அவற்றில் கிருமிகளோடு முதலில் மோதுகிற நியூட்ரோஃபில் அணுக்கள் இவர்களுக்குச் சில சமயம் 500க்கும் கீழே போய்விடும். "கவுண்ட் இறங்கிடுச்சு" என்று அந்த வீடுகளில் சொல்வார்கள். அந்தச் சொல் கேட்டதும் வீடே அமைதியாகிவிடும். நமக்கு வெறும் சளியாக வந்து போவது அவர்களுக்கு உயிரை எடுக்கும் கிருமியாகலாம்.

அப்படிப்பட்டவர்கள் நடுவில்தான் கொரோனா வந்தது. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த மருத்துவர்கள் ஒரு வேதனையான உண்மையைச் சொன்னார்கள். இரத்தப் புற்றுநோயோடு கொரோனாவும் தொற்றிய வயதுவந்தோரில், பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவர்களில், ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இறந்தார்கள். 2021 ஜனவரி 16 அன்று நம் நாட்டில் தடுப்பூசி வந்தபோது நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். இவர்களில் பலருக்கு அந்த நிம்மதியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. எதிர்ப்பாற்றலை உண்டாக்கும் அணுக்களே நோயாலும் மருந்தாலும் நலிந்திருந்ததால், ஊசி போட்டும் பலருக்குப் போதிய பாதுகாப்பு உருவாகவில்லை. சுற்றியிருப்பவர்கள் போட்டுக்கொள்ளும் ஊசிதான் அவர்களுக்கு அரணாக இருந்தது.

அந்த நாள்களை அவர்களுடைய இடத்தில் நின்று எண்ணிப் பாருங்கள். கவுண்ட் இறங்கியிருக்கும்போது காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை ஏற்ற வேண்டும் என்பது இந்தச் சிகிச்சையின் பாலபாடம். காய்ச்சல் என்றாலே வாசலில் நிறுத்திப் பரிசோதனைக்கு அனுப்பிய காலமோ அது. மடியில் கொதிக்கும் பிள்ளையோடு முடிவுக்காகக் காத்திருந்த தாய்மார்களை நினையுங்கள். ரயிலும் பேருந்தும் நின்றுபோயின. மாவட்டம் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்டது. தென்கோடியிலிருந்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கும் வேலூருக்கும் கீமோவுக்கு வந்து போனவர்கள் வாடகைக் காருக்கு நகையை அடகு வைத்தார்கள். மேற்கு வங்கத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வேலூருக்கு வைத்தியத்துக்கு வந்தவர்கள் ஊர் திரும்ப வழியின்றி விடுதிகளில் அடைபட்டுக் கிடந்தார்கள். தினமும் ஒரு நாள்கூட விடாமல் மாத்திரை சாப்பிட வேண்டியவர்கள், கையிருப்பு தீர்ந்துபோகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

இரத்தம் கிடைக்காத துயரம் இன்னும் பெரிது. இரத்தத் தட்டணுக்களைச் சேமித்து வைக்கலாம். ஆனால் ஐந்து நாள்களுக்குத்தான். சிவப்பணுக்களைப் போல வாரக்கணக்கில் வைக்க முடியாது. தட்டணு 10,000க்குக் கீழே இறங்கிவிட்டால் அடியே படாமல் உடலுக்குள் இரத்தம் கசியலாம். ஆகவே இந்த நோயாளர்களுக்கு ஒவ்வொரு வாரமும் யாரோ ஒருவர் புதிதாக வந்து கொடையளிக்க வேண்டும். கல்லூரிகள் மூடின, ஆலயங்கள் மூடின, இரத்ததான முகாம்கள் நின்றன. கொடையாளர்கள் வீட்டை விட்டு வர அஞ்சினார்கள். அந்த வாரங்களிலும் போக்குவரத்து இல்லாத சாலையில் இருசக்கர வண்டியை ஓட்டிச் சென்று ஒரு முகம் தெரியாத பிள்ளைக்குத் தட்டணு கொடுத்துவிட்டு வந்த இளைஞர்கள் இருந்தார்கள். அவர்களை ஆண்டவர் நிச்சயம் மறக்கமாட்டார்.

அன்பார்ந்தவர்களே, உயிர் பிழைத்தால் போதும் என்று நாம் சொல்லிவிடுகிறோம். மருத்துவ உலகமே அப்படிச் சொல்வதில்லை. புற்றுநோயாளரின் வாழ்க்கைத்தரத்தை அறிய உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு வினாத்தாளில் 30 கேள்விகள் இருக்கின்றன. வலி, களைப்பு, வாந்தி, தூக்கம், பசி பற்றி அது கேட்கிறது. அதோடு நிற்பதில்லை. கவலையும் மனச்சோர்வும் உண்டா, நோய் உங்கள் குடும்ப வாழ்வைப் பாதித்ததா, பிறரோடு பழகுவதைத் தடுத்ததா, பணக்கஷ்டம் தந்ததா என்றும் கேட்கிறது. வலிக்கும் வாந்திக்கும் மருத்துவர் மருந்து எழுதுவார். மற்றக் கேள்விகளுக்கு எந்த மருந்துக்கடையில் மருந்து கிடைக்கும்? அந்தக் கேள்விகள் பங்குச் சமூகமாகிய நம்மை நோக்கித்தான் வருகின்றன.

வாழ்க்கைத்தரம் என்பதைப் பணம், அழகு, இன்பம், உழைக்கும் திறன் ஆகியவற்றால் மட்டும் அளக்கும் மனப்போக்கைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் எழுதிய தம் சுற்றுமடலில் கண்டித்தார். உறவும் ஆன்மிகமும் சேராத அளவுகோல் மனித வாழ்வை அளக்கத் தகுதியற்றது என்பதே அவர் போதனையின் சாரம். தலைமுடி கொட்டிய பெண் மதிப்பில் குறைந்தவர் அல்லர். வேலைக்குப் போக முடியாத தந்தை குடும்பத்துக்குச் சுமை அல்லர். கடவுளின் சாயல் எந்த இரத்தப் பரிசோதனையிலும் குறைவதில்லை.

பெருந்தொற்றின்போது மைலோமா நோயாளர் ஒருவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டு சென்றேன். முகக்கவசத்தோடு வாசற்படியிலேயே நின்றேன். செபம் முடிந்ததும் அவர் சொன்னார்: "சாமி, முதுகு வலிகூடப் பழகிப்போச்சு. நமக்குக் கெடுதல் வரக்கூடாதுன்னுதான் சொந்தக்காரங்க வராம இருக்காங்க, அது புரியுது. ஒரு போன்கூட வரலையே, அதுதான் புரியல." அந்தக் கேள்விக்கு நாம் எல்லாரும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். வராமல் இருந்ததில் தவறில்லை. வராத உறவு பேசாத உறவாகவும் ஆனதுதான் தவறு. தள்ளி நிற்பது வேறு, தள்ளி வைப்பது வேறு.

இப்போது நற்செய்திக்கு வருவோம். தொழுநோயாளர் சட்டத்தை மீறி இயேசுவின் அருகில் வருகிறார், முழந்தாள்படியிட்டு வேண்டுகிறார். தம்மைக் குணமாக்க இயேசுவால் முடியும் என்பதில் அவருக்கு ஐயமே இல்லை. ஆண்டவருக்கு விருப்பம் உண்டா என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பல காலம் தனித்து விடப்பட்ட ஒருவருக்கு இந்த ஐயம் வரும். என்னை யாராவது விரும்புவார்களா? நான் இருப்பது யாருக்காவது வேண்டுமா? இயேசு மனமிரங்குகிறார், கையை நீட்டுகிறார், தொடுகிறார், தமக்கு விருப்பம் உண்டு என்று வாய் திறந்து சொல்கிறார். முதலில் தொட்டார், பிறகுதான் நோய் நீங்கியது. நோயோடு இருக்கும்போதே அந்த மனிதரைத் தம்மவராக ஏற்றுக்கொண்டார்.

ஆண்டவர் தொட்டாரே, நாம் மட்டும் தள்ளி நிற்பது நம்பிக்கைக் குறைவு இல்லையா என்று சிலர் கேட்கலாம். பெருந்தொற்றின்போது இந்தக் கேள்வியைப் பலர் கேட்டார்கள். ஆண்டவரின் கை நலத்தை மட்டுமே கொண்டுவந்தது. நம் கையோ கிருமியையும் கொண்டுவரக் கூடும். நோயாளர் வாழ வேண்டும் என்பதே அவர் தொட்டதன் நோக்கம். அதே நோக்கத்தோடு நாம் கையைக் கழுவினால், முகக்கவசம் அணிந்தால், சளி இருக்கும் நாளில் வாசலோடு திரும்பினால், அதுவும் அந்தக் கையின் தொடர்ச்சிதான். இன்னொன்றையும் கவனியுங்கள். குணமானவரைக் குருவிடம் போய்க் காட்டச் சொல்லி, சட்டம் கேட்ட முறையையும் இயேசு மதித்தார். மருத்துவர் சொல்லும் கட்டுப்பாடும் நம் இரக்கமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

திருஅவையின் வரலாற்றிலும் இதற்குச் சான்று உண்டு. 1576இல் மிலான் நகரில் கொள்ளைநோய் பரவியபோது அங்கே பேராயராக இருந்தவர் புனித சார்லஸ் பொரோமியோ. மக்கள் வீடுகளில் அடைபட்டிருந்தார்கள். அவர் தெருச் சந்திப்புகளில் பீடங்களை அமைத்துத் திருப்பலி நிறைவேற்றச் செய்தார். மக்கள் தங்கள் சன்னல்களில் நின்று பங்கேற்றார்கள். யாரையும் கூட்டத்துக்குள் இழுக்கவில்லை, யாரையும் திருப்பலிக்கு வெளியே விடவும் இல்லை.

அதே மிலான் நகரில் வளர்ந்த இன்னொருவரை உங்களுக்குத் தெரியும், புனித கார்லோ அகுதிஸ். 2006 அக்டோபரில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றே வீட்டார் நினைத்தார்கள். அது கடுமையான லுகேமியா என்று தெரியவந்த சில நாள்களிலேயே, அக்டோபர் 12 அன்று, 15 வயதில் மோன்சாவில் இறந்தார். தன் வேதனையைத் திருத்தந்தைக்காகவும் திருஅவைக்காகவும் ஒப்புக்கொடுத்தார். 2020 அக்டோபர் 10 அன்று, பெருந்தொற்று இத்தாலியை வாட்டிய அதே ஆண்டில், அசிசியில் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரானார். இரத்தப் புற்றுநோய்ப் படுக்கையின் வேதனையை உடலால் அறிந்த ஒருவர் இன்று விண்ணகத்திலிருந்து நமக்காகப் பரிந்து பேசுகிறார். நோயுற்ற பிள்ளைகளே, அவரை உங்கள் அண்ணனாக நினைத்துப் பேசுங்கள்.

நோயாளர்களே, உங்களிடம் சில வார்த்தைகள். உங்கள் நோய் கடவுள் தந்த தண்டனை அல்ல. செபியுங்கள், மருந்தையும் விடாதீர்கள். செபத்தின் பேரில் சிகிச்சையை நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். தவக்காலம் வருகிறது. உடல்நலம் இல்லாதவர்களுக்கு நோன்புக் கடமை இல்லை. மருத்துவர் சொன்ன உணவை நேரத்துக்குச் சாப்பிடுவதே உங்களுக்குத் தவம். நோயில்பூசுதல் இறுதி மூச்சுக்கு மட்டும் உரிய அருளடையாளம் அல்ல. பெரிய சிகிச்சைக்கு முன்னால் கேளுங்கள், நோய் முற்றினால் மறுபடியும் கேளுங்கள், வருகிறேன். கடவுள்மேல் கோபம் வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள். திருப்பாடல்களில் அழுகையும் முறையீடும் நிறைய இருக்கின்றன, அவையும் செபம்தான். பெருந்தொற்று நாள்களில் உறவினரைப் பறிகொடுத்து, இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதியால் முறையாக அழக்கூட முடியாமல் அடக்கம் செய்த குடும்பங்களே, உங்கள் இறந்தோருக்காக இன்று இந்தப் பீடத்தில் செபிக்கிறோம்.

பங்கு மக்களே, இனி நம் கடமை. லுகேமியா வந்த ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை இரண்டு, மூன்று ஆண்டுகள் நீளும். ஊரடங்கில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டில் இருந்தபோது அந்தப் பிள்ளையும் அவர்களில் ஒன்றாக இருந்தது. பள்ளி திறந்த அன்றுதான் அது மறுபடியும் தனியாகியது. அப்படிப்பட்ட பிள்ளையை மறைக்கல்வி ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை அலைபேசியில் வகுப்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அன்பியமும் தன் எல்லைக்குள் இப்படிப்பட்ட வீடு எது என்று அறிந்திருக்கட்டும். வாரத்துக்கு ஒரு அழைப்பு, மாதம் ஒருமுறை மருந்து வாங்கி வந்து கொடுத்தல், கீமோவுக்குப் போகும் நாளில் மற்றப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு. கிருமி சேரலாம் என்பதால் பூங்கொத்தும் நறுக்கிய பழமும் கொண்டுபோகாதீர்கள். என்ன கொண்டுவரலாம் என்று வீட்டாரிடம் கேளுங்கள். அரசின் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சைச் செலவுக்கு உதவுகிறது. பயணச் செலவு, விடுதி வாடகை, இழந்த கூலி ஆகியவற்றை வின்சென்ட் தே பவுல் சபை ஏற்றுக்கொள்ள நாம் தாராளமாகக் கொடுப்போம். இரத்தப் புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, உடன் அமர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது. அறியாமல் ஒதுக்கும் அக்கம்பக்கத்தாருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

ஆலயத்திலும் அவர்களுக்கு இடம் வேண்டும். காற்றோட்டமான பக்க வாசலை ஒட்டிய இருக்கைகளை அவர்களுக்காக விட்டுவைப்போம். அமைதி வாழ்த்தின்போது அவர்கள் கை கூப்பினால், அந்த வணக்கத்தை அதே அன்போடு திருப்பிக் கொடுப்போம். பெரிய வெள்ளியன்று சிலுவையை முத்தமிடாமல் தலை வணங்கினாலே போதும். 2020இல் வத்திக்கானே, திருச்சடங்கை நடத்துபவர் மட்டும் முத்தமிட்டால் போதும் என்று ஒழுங்கு செய்தது. முகக்கவசம் அணிந்து வருபவரை இன்னுமா என்று கேட்காதீர்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் நமக்காகச் சிந்தப்பட்ட கிறிஸ்துவின் இரத்தத்தால் வாழ்வு பெறுகிறோம். அந்த வாழ்வைப் பெற்றவர்கள் தங்கள் இரத்தத்தைக் கொடுக்கத் தயங்கலாமா? 18 முதல் 65 வயதுக்குள், 45 கிலோவுக்குக் குறையாத எடையும் போதிய ஹீமோகுளோபினும் உள்ள ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை தேவைப்படுவோருக்கு உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். மற்றவர்களில் பலர் முன்பின் தெரியாத கொடையாளருக்காகக் காத்திருக்கிறார்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்துக் கொடுத்தால் போதும், இளையோர் குருத்தணு (ஸ்டெம் செல்) கொடையாளராகப் பதிவு செய்துகொள்ளலாம்.

நற்செய்தியின் கடைசி வரியை மறந்துவிடாதீர்கள். வெளியே நின்றவர் ஊருக்குள் போனார். அவரை ஊருக்குள் அனுப்பிய இயேசுவோ ஊருக்குள் வெளிப்படையாக நுழைய முடியாமல் வெளியே, தனிமையான இடங்களில் தங்கினார். வெளியே நின்றவருடைய இடத்தைத் தாம் எடுத்துக்கொண்டார். அவரைத் தேட வேண்டுமானால் நாமும் அங்கேதான் போக வேண்டும்.

திருப்பலி முடிந்ததும் ஆலய முகப்பில் மரியாயின் சேனையினர் பதிவேட்டோடு அமர்ந்திருப்பார்கள். இரத்தம் கொடுக்க முடிந்தவர்கள் பெயரையும் இரத்த வகையையும் எழுதுங்கள். முடியாதவர்கள், வாரம் ஒருமுறை அழைத்துப் பேச ஒரு நோயாளரின் பெயரைக் கேட்டு வாங்கிச் செல்லுங்கள். அடுத்த பெருந்தொற்று எப்போது வந்தாலும், இந்தப் பங்கில் ஒரு நோயாளர்கூடப் பேச ஆளின்றி, இரத்தமின்றி, மருந்தின்றி விடப்பட்டார் என்ற நிலை வரக்கூடாது. அதற்கான அருளை ஆரோக்கிய அன்னையின் பரிந்துரையால் ஆண்டவர் நமக்குத் தருவாராக. ஆமென்.